அங்குலம் ஐயாயிரம் ரூபாய்!

எங்கள் வடமதுரை இரண்டு விமான நிலையங்களுக்கு மத்தியில் இருக்கிறது. ஒரு பக்கம் மதுரை, இன்னொரு பக்கம் திருச்சி. இரண்டுமே எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். நடுவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எதிலும் ஏறாமல் காலத்தை ஓட்டிவிட்டோம். ஊருக்கு ரயில்வே ஸ்டேஷன் உண்டு. அதையும் வைகை எக்ஸ்பிரஸ், கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்த்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போகும்.

திருப்பாவையில் வடமதுரை என்று வருவது கண்ணன் பிறந்த வடநாட்டு மதுரா. இதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வாசலில் உட்காரவைத்து, ஆண்டாள் எந்த ஊரைச் சொன்னாள் என்று ஒரு மணி நேரம் விளக்குவார்கள். அதற்குள் உங்கள் திண்டுக்கல் பஸ் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பி.காம். பட்டதாரி, லண்டன் விமானத்தில் 'பிரீமியம் எகானமி' சீட்டுக்குத் தள்ளுபடி தேடி மூன்று மாதம் அலைந்தான் என்றால், அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். டீக்கடையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். என் தங்கச்சி இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் குழந்தை. 2026 பிப்ரவரி நடுவில் என்று தேதி சொல்லியிருந்தார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளால் வர முடியாது. ஆகவே தாய்வீடு அங்கே போகவேண்டும்.

தாய்வீடு என்றால் 67 வயது அம்மா. அம்மா என்றால் இரண்டு முழங்கால்.

இந்த முழங்கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்கு அழைத்துப்போனேன். ரயிலில் இடம் இல்லை. பஸ்ஸில் எட்டு மணி நேரம். கோயம்பேட்டுக்கு முன்னாலேயே ஓர் இடத்தில் இறங்கியபோது அம்மாவின் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெறுங்கால்ல நடந்தா நல்லதுடா, கோயிலுக்குப் போற மாதிரி" என்றாள். தார் ரோட்டில், மே மாச வெயில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எட்டு மணி நேரத்துக்கே இப்படி. சென்னையிலிருந்து லண்டன் பதினோரு மணி நேரம்.

திண்டுக்கல் எலும்பு டாக்டரிடம் போனேன். "ஸார், பிரீமியம் எகானமியில் போனால் காலில் ரத்தம் கட்டாமல் இருக்குமா?" என்று கேட்டேன். மனுஷர் நேர்மையானவர். "ரத்தம் கட்டறதுக்கும் டிக்கெட் வகுப்புக்கும் சம்பந்தம் இருக்கறதா நிரூபணம் இல்லை. ஜன்னல் ஓரத்துல அசையாம உட்கார்றதுதான் ஆபத்து. நடைபாதை ஓரம் சீட்டு வாங்கு. மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொல்லு. இறுக்கமான சாக்ஸ் போட்டு விடு" என்றார். பிறகு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆனா இந்த முட்டியை மடக்கியே பதினோரு மணி நேரம் வெச்சா வலி உயிர் போகும். அது வேற கணக்கு" என்றார்.

அந்த வேறு கணக்குக்காகத்தான் அலைச்சல்.

திண்டுக்கல்லில் ஒரு டிராவல் ஏஜென்ட். ஏ.சி. ரூம், சுவரில் ஈஃபில் டவர். "பிரீமியம் எகானமி, போக வர ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம். எகானமின்னா எழுபத்தெட்டு. ரெண்டு பேரா? அம்மாவுக்கும் உங்களுக்குமா?" என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். நான் கால்குலேட்டரை அவர் பக்கமே திருப்பிவைத்துவிட்டு வெளியே வந்து ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். தபாலாபீஸில் இருந்த என் மொத்தச் சேமிப்பு இரண்டு லட்சம். பத்திரிகைகளுக்குத் துணுக்கும் கட்டுரையும் எழுதிச் சேர்த்த காசு. (இதை அம்மா 'வேலைக்குப் போகாத வேலை' என்பாள்.)

தங்கச்சி தான் தருவதாகச் சொன்னாள். அம்மாவிடம் சொன்னதற்கு, "பிரசவம் பார்க்கப் போறவ பொண்ணுகிட்டயே பஸ் சார்ஜ் வாங்கிட்டுப் போவாளாடா?" என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். ஆகவே இரண்டு லட்சத்துக்குள் முடிக்கவேண்டும்.

இந்தப் பிரீமியம் எகானமி என்கிற ஜாதி புதிது. 1992-ல் தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ல். லுஃப்தான்ஸா 2014-ல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015-ல். அதே 2015-ல் நம் நாட்டில் விஸ்தாரா முதலில் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியே 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்துவிட்டது. ஏர் இந்தியாவின் ஏ-350 விமானத்தில் 264 எகானமி சீட்டுக்கு 24 பிரீமியம் எகானமி சீட்டுதான். எமிரேட்ஸின் பெரிய ஏ-380-ல் 56. இப்படிக் கொஞ்சமாக வைத்திருப்பதால்தான் விலை குதிக்கிறது.

என்ன கிடைக்கும் என்றால், முன் சீட்டுக்கும் உங்கள் சீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம். எகானமியில் சாதாரணமாக 31 அங்குலம். பிரீமியத்தில் 38. சில கம்பெனிகளில் 40. சீட்டு ஓர் அங்குலம் அகலம் கூடுதல். காலுக்கு ஒரு பலகை. கனமான ஸ்பூன். மற்றபடி எல்லாரும் ஒரே நேரத்தில்தான் லண்டனில் இறங்குவார்கள். பிரீமியம்காரர்களை முன்னாலேயே கொண்டுபோய் இறக்குவதில்லை.

ஆக, ஏழு அங்குலம். அம்மாவின் முட்டியை நீட்டுவதற்கு ஏழு அங்குலம் இடம் வேண்டும். வடமதுரையில் சென்ட் கணக்கில் இடம் பார்த்திருக்கிறேன். அங்குலக் கணக்கில் இடம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். (நீங்கள் மானேஜர் பார்க்காத சமயத்தில் ஆபீஸிலேயே தேடுகிறவராக இருப்பீர்கள். அதிர்ஷ்டசாலி.) தேட ஆரம்பித்ததும் எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரே விமானம், ஒரே சீட்டு. செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை ஒரு விலை. காலையில் ஒன்று, ராத்திரி வேறொன்று. பி.காமில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்தக் கணக்கிலும் இது அடங்கவில்லை.

அடங்கிய இடம் அய்யலூர் ஆட்டுச் சந்தை!

எங்கள் பக்கத்து ஊர். வியாழக்கிழமை தோறும் விடியற்காலையில் ஆடு, கோழி என்று களைகட்டிவிடும். 2025 தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை, தாய்மாமனோடு போனேன். மாமா ஆட்டுத் தரகர். தக்காளிக் கமிஷனும் உண்டு. இப்போது எல்லாரும் வாய்விட்டே விலை பேசுகிறார்கள். மாமா மாதிரிப் பழைய ஆட்கள் மட்டும், கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்றே தெரியாது.

"மாப்ளே, இந்தக் கடா என்ன சொல்றான் தெரியுமா? பதினெட்டு. போன மாசம் இதே கடா பன்னெண்டு."

"வளர்ந்திருக்குமோ மாமா?"

"கடா எங்க வளர்ந்துச்சு? தீபாவளிதான் வளர்ந்திருக்கு."

நான் அங்கேயே, ஆட்டுப் புழுக்கை நடுவில், விமான விவகாரத்தைச் சொன்னேன். மாமா விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கடைசி நாள்ல சீட்டு காலியா இருந்தா சும்மா குடுத்துருவான்ல? தக்காளி மாதிரி? காலைல பெட்டி முந்நூறுன்னு முறைப்பான். சாயங்காலம் விக்கலைன்னா ரோட்டோரம் கொட்டணும். அம்பது ரூபா குடுத்தா கும்பிட்டுக் குடுத்துட்டுப் போவான்."

"இல்லை மாமா. கடைசி நாள்லதான் விலை ஏறுது."

மாமா கொஞ்ச நேரம் கடாவையே பார்த்தார். "அப்படின்னா அவன் தக்காளியை ஆடுன்னு சொல்லி வித்துட்டிருக்கான் மாப்ளே."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது. விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டுக்கு மதிப்பு பூஜ்யம், சாயங்காலத் தக்காளி போல. அந்தச் சீட்டில் இன்னொருவரை ஏற்றினால் கூடுதலாக ஆகும் செலவு ஒரு சாப்பாடு, கொஞ்சம் எரிபொருள், அவ்வளவுதான். (பி.காமில் 'மார்ஜினல் காஸ்ட்டிங்' படித்தபோது தூங்கியவர்கள் இப்போது எழுந்துகொள்ளலாம்.) ஆனால், கடைசி நாளில் மலிவாகக் கிடைக்கும் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால் எவனும் முன்னாடி வாங்கமாட்டான். கடைசி நாளில் வருகிறவன் பெரும்பாலும் போயே தீரவேண்டியவன். ஆபீஸ் மீட்டிங், சாவு, ஆஸ்பத்திரி. அவனிடம் தீபாவளிக் கடா விலை வாங்கலாம்.

இந்த வித்தையைப் பெரிய அளவில் ஆரம்பித்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். 1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசாங்கக் கட்டுப்பாடு போனது. 1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்று ஒரு கம்பெனி பஸ் டிக்கெட் விலைக்குப் பறக்கவிட்டது. பெரிய கம்பெனிகள் ஆடிப்போய்விட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டால் என்ன செய்தார்? எல்லா சீட்டையும் மலிவாக்கவில்லை. எப்படியும் காலியாகப் போகிற சீட்டு எத்தனை என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அவற்றை மட்டும் 1985-ல் அடிமாட்டு விலைக்கு விட்டார், முன்கூட்டியே வாங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மிச்ச சீட்டு பழைய விலைக்கே ஆபீஸ்காரர்களுக்கு. பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1987-ல் இன்னொரு கம்பெனியோடு கரைந்து காணாமலே போனது.

இன்றைக்கு எல்லா விமானக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. ஒரே வரிசையில் இருக்கும் சீட்டுகளை ஆங்கில எழுத்துப் பேர் வைத்துத் தனித்தனி விலைக் கூடைகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவுக் கூடை தீர்ந்ததும் அடுத்த கூடை திறக்கும். விமானம் நிறையாது போல் தெரிந்தால் மூடிய கூடையை மறுபடி திறப்பார்கள். நாம் தேட வேண்டியது அந்த மறுபடி திறக்கும் நேரத்தை.

அப்புறம் காலி சீட்டை என்ன செய்கிறார்கள்? அதுதான் துண்டுக்குள் விரல். ஏற்கெனவே எகானமி வாங்கியவனுக்கு ரகசியமாக ஒரு கடிதம் வரும். 'இன்னும் இவ்வளவு கொடுத்தால் முன் வகுப்புக்கு மாறலாம்' என்று. லுஃப்தான்ஸா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எதிஹாட் போன்றவை ஏலமே விடுகின்றன. நீங்கள் ஒரு தொகை எழுதிக் கொடுக்கவேண்டும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் 'கிடைத்தது' அல்லது 'இல்லை' என்று பதில் வரும். பக்கத்து சீட்டுக்காரன் எவ்வளவு எழுதினான் என்று உங்களுக்குத் தெரியாது. மாமாவின் துண்டேதான்.

"அப்ப எகானமி வாங்கிட்டு, அந்தக் கடுதாசிக்குக் காத்திருந்தா மலிவுதானே மாமா?" என்றேன்.

"மலிவுதான். சாயங்காலம் வரைக்கும் தக்காளி மிஞ்சினா. மிஞ்சலைன்னா?" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குன்னா காத்திருப்பேன். அக்காவுக்குன்னா காலைலயே வாங்கிருவேன்" என்றார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அம்மாவுக்கு உறுதியான சீட்டு. தக்காளி விளையாட்டு, விளையாடுவதாக இருந்தால், என் சீட்டோடு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும் வெளிநாட்டுத் தமிழர்கள் ஊருக்கு வந்து திரும்புகிற காலம், விலை உச்சாணியில் இருக்கும். பொங்கல் முடிந்து, குடியரசு தினமும் போனால் சட்டென்று இறங்குகிறது. அதிலும் செவ்வாய், புதன். ஏஜென்ட் சொன்ன தேதி பொங்கலுக்கு முன்னால், சனிக்கிழமை. வேண்டுமென்றே சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நான் தேதி சொல்லாமல் கேட்டேன், அவர் வாய்க்கு வந்த தேதியைப் போட்டார். தப்பு என்னுடையது.

கூகுளின் விமானத் தேடலில், மாதம் முழுக்க ஒரே பார்வையில் விலை தெரிகிற காலண்டர் இருக்கிறது. வகுப்பை மேலேயே மாற்றிக்கொள்ளலாம். விலை இறங்கினால் தகவல் சொல்லவும் சொல்லலாம். இது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத ஒரு குழி உண்டு. வளைகுடா வழியாகப் போகிற சில டிக்கெட்டுகளில் 'பிரீமியம் எகானமி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் சென்னையிலிருந்து முதல் விமானம் எகானமி, அதில் அந்த வகுப்பே கிடையாது. இரண்டாவதுதான் பிரீமியம். காசு மட்டும் பெரும்பாலும் முழுதாக! ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகத் திறந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நான் கட்டும் பட்டன் வரை போய்த் திரும்பினேன்.

இன்னொன்று வரி. இது என் பி.காம். மூளைக்குத் தீனி. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் 18 சதவிகிதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. பேரில் எகானமி இருந்தாலும் வரிக்கு அது எகானமி இல்லை! லண்டன்காரன் இன்னும் கெட்டிக்காரன். அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பயணிகள் வரி உண்டு. விமானத்தின் கடைசி வகுப்புக்குக் குறைந்த வரி. அதற்கு மேல் உட்கார்ந்தால் இரு மடங்குக்கும் மேல். அங்கே பிரீமியம் எகானமியும் மேல்தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. போகும்போது மட்டும் பிரீமியம், வரும்போது எகானமி என்று வாங்கினால்? பல கம்பெனிகளில் போகிற பாதியும் வருகிற பாதியும் தனித்தனி விலைதான், சேர்த்துத்தான் டிக்கெட். லண்டனின் பெரிய வரியும் மிச்சம். அம்மா திரும்புவது ஜூலையில். தங்கச்சியும் குழந்தையோடு கூட வருவாள், தூக்கி உட்காரவைக்க, காலைப் பிடித்துவிட ஆள் இருக்கும். தவிர, ஆடித் தேருக்குள் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை. விசாவும் ஆறு மாசம்தான். ஆக, ஜனவரி 27 செவ்வாய் போகிறோம். ஜூலை 21 செவ்வாய் அம்மா திரும்புகிறாள்.

இந்தக் கலவைக்கு முதலில் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் காட்டியது. காத்திருந்தேன். நவம்பர் கடைசி வாரம், ஒரு ராத்திரி, ஒரு லட்சத்து ஏழாயிரம். ஏதோ ஒரு கூடையைத் திறந்துவிட்டார்கள்! அதே தேதிகளில் எகானமி போக வர எழுபத்திரண்டாயிரம். வித்தியாசம் முப்பத்தையாயிரம். ஏழு அங்குலத்துக்கு முப்பத்தையாயிரம் என்றால் அங்குலம் ஐயாயிரம் ரூபாய். மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம். எங்கள் தெருவில் அதற்கு ஒரு மாச வாடகைக்கு வீடு கிடைக்கும்.

கை நடுங்கத்தான் செய்தது. அமுக்கிவிட்டேன்.

எனக்கு இரண்டு வாரத்தில் திரும்புகிற எகானமி, அறுபத்தாறாயிரம். தனி டிக்கெட். போன் போட்டு இருவரும் ஒன்றாகப் போகிறோம் என்று குறித்துவைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வீல்சேரும் கேட்டுவைத்தேன். அதற்குத் தனிக் காசு கிடையாது.

"எவ்வளவுடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலைதாம்மா. சீட்டு மட்டும் சேர்ந்தாப்ல கிடைக்கலை. நீ முன்னாடி, நான் பின்னாடி."

"பஸ்லயும் அப்படித்தான். லேடீஸ் சீட்டு முன்னாடிதானே?" என்று சமாதானமாகிவிட்டாள்.

மூட்டை கட்டிய கதை தனிக் கட்டுரைக்குக் காணும். பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, வடகம், ஒரு அம்மிக் குழவி. (குழவியை மட்டும் மீட்டுவிட்டேன்.) பால் பொருளும் மாமிசமும் இங்கேயிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆகவே உருக்கின நெய் இரண்டு கிலோ மாமா வீட்டுக்குப் போனது. மாமாவுக்கு அன்றுமுதல் விமானப் போக்குவரத்தின் மேல் நல்ல அபிப்பிராயம்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் எனக்குக் கடுதாசி வந்தது. நான் முன் வகுப்புக்கு மாற முப்பத்தோராயிரம். சிரித்துக்கொண்டேன். என்னிடம் மிச்சம் இருந்தது இருபத்தேழாயிரம். அங்கே செலவுக்கு வேறு வேண்டும்.

சென்னை விமான நிலையத்தில், நடுராத்திரி தாண்டி, கவுன்ட்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டைப் பார்த்தாள். அம்மாவின் டிக்கெட்டைப் பார்த்தாள். "ஸார், பிரீமியம்ல இன்னும் இடம் இருக்கு. அம்மா பக்கத்து சீட்டே காலி. இருபத்திரண்டாயிரம் கொடுத்தா மாத்திடலாம்" என்றாள்.

சாயங்காலத் தக்காளி! முப்பத்தையாயிரம் கொடுத்து நான் நவம்பரில் வாங்கிய அதே ஏழு அங்குலம், இப்போது பதின்மூன்றாயிரம் மலிவு. (இதை இன்றுவரை மாமாவிடம் சொல்லவில்லை.)

"என்னடா சொல்றா அந்தப் பொண்ணு?" என்று வீல்சேரிலிருந்து அம்மா.

"சீட்டெல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்கம்மா."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும். ஒன்றும் சொல்லாமல் எனக்குக் கடைசிப் பகுதியில் நடைபாதை ஓரமாக ஒரு சீட்டு பார்த்துக் கொடுத்தாள்.

விமானம் ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணசந்தேன். தோளில் ஒரு தட்டு. அம்மா! காலில் இறுக்கமான சாக்ஸ், கையில் ஒரு குட்டி ரொட்டி, காகித நாப்கினில் சுற்றியது.

"சாப்பிட்டியா? இது மிருதுவா இருந்துச்சு, கொண்டாந்தேன்."

"எனக்கும் குடுத்தாங்கம்மா. நீ எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வர்றே?"

"டாக்டர்தான் மணிக்கு ஒரு தரம் நடக்கச் சொன்னாரு. சும்மா எங்க நடக்கறது? உன்னைப் பார்த்துட்டுப் போறேன்."

அதன்பின் தவறாமல் மணிக்கு ஒரு தடவை. சீட்டு முதுகுகளைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் வழி விடு கண்ணு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு. இரண்டாம் தடவை ஒரு சாக்லேட். மூன்றாம் தடவை தண்ணீர் பாட்டில். நாலாம் தடவை என் முழங்காலைப் பார்த்தாள். முன் சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டுக்காரர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை, திரும்பிப் போய்விட்டாள்.

ஐந்தாம் தடவை வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏண்டா, நெசமாச் சொல்லு. ரெண்டும் ஒரே விலையா?" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். என் சீட்டிலிருந்து ஜன்னல் தெரியாது.

"என் பக்கத்து சீட்டு காலியாத்தான்டா கிடக்கு. கிளம்பினதுலேர்ந்து யாரும் வரலை. அங்க வந்து உக்காரேன்."

"அப்படி உட்காரக் கூடாதும்மா. அதுக்குக் காசு கட்டணும்."

"காலியாப் போற சீட்டுக்கா?"

கிராண்டாலிலிருந்து ஆரம்பித்து விளக்கலாம்தான். "ஆமாம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் நடைபாதையில் நின்றாள். அடுத்த முறை வரும்போது கையில் ஒரு போர்வையும் தலையணையும் இருந்தன. எகானமிப் போர்வையைவிடத் தடிமன்.

"காலி சீட்டுல வெச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். இதுக்கும் காசுன்னு சொல்லலை" என்று என் முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் தலையணையைச் செருகிவிட்டுப் போனாள்.

ஹீத்ரோவில் இறங்கும்போது காலைப் பார்த்தேன். வீக்கம் இருந்தது. இல்லாமல் இல்லை. வீல்சேர் தள்ளியவர் பஞ்சாபிக்காரர், இந்தியில் ஏதோ கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். குடியேற்ற அதிகாரி, சாமான், எல்லாம் முடிந்து கடைசிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் தங்கச்சி நிற்பாள். வரவேண்டாம் என்று சொல்லியும் எட்டரை மாச வயிற்றோடு காரில் வந்திருந்தாள்.

கதவுக்குப் பத்தடி முன்னால் அம்மா கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இதுல உட்கார்ந்து போனா அவ பயந்துடுவா" என்று சொல்லி, என் தோளைப் பிடித்து எழுந்தாள். கைப்பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டாள். ஒரு கால், பிறகு இன்னொரு கால். இரண்டும் நுழைந்தன.